ஏழாம் வார்டு உறுப்பினரின் விடுப்பு

ஞாயிற்றுக்கிழமை, காலை

ஏழாம் வார்டின் மதிப்புக்குரிய நகர்மன்ற உறுப்பினரும், என் சமையலிலிருந்து இதுவரை தப்பித்துவரும் புண்ணியவதியுமான என் அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் நலத்தைப் பெரியவள் தினமும் போனில் சொல்லிவிடுகிறாள். நேற்று நீ நடை பழகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாயாமே. எத்தனை அடி என்று கேட்டேன். "எண்ணலையேப்பா" என்றாள். எண்ணச் சொல். முப்பத்து நான்கு வருடம் ஒன்றாம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், எண்ண ஆரம்பித்த பிள்ளை பாதியில் உட்காராது. இன்று பத்து என்றால் நாளைக்குப் பதினொன்றாவது அடிக்கு அதுவே காலைத் தூக்கும்.

வலது கை இன்னும் மடங்கித்தான் இருக்கிறது, பேச்சு ஒரு சொல் இரண்டு சொல்லாகத்தான் வருகிறது என்பதும் தெரியும். பக்கவாதம் வந்து ஐந்து மாதம்தானே ஆகிறது. மெதுவாக வரட்டும். மன்றத்தில் நீ பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து உன் நாக்கு இப்போது ஓய்வெடுக்கிறது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை.

வீடு ஒழுங்காக இருக்கிறது. சமையலைப் பற்றிக் கேட்காதே. உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை போட்டுவிடுகிறேன். இரண்டாவது சந்தேகம் வந்தால்தான் கஷ்டம்.

உன் முன்னறையைத் தினமும் பெருக்கித் துடைக்கிறேன். மேசை, நீல நோட்டு, உன் நாற்காலி, வருகிறவர்களுக்கான நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் கால் ஆடும் நாற்காலியைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். நிறையப் பேசுகிறவர்களுக்கென்றே நீ அதை வைத்திருக்கிறாய் என்பது நினைவுக்கு வந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜனங்கள் வருவது நிற்கவில்லை. ஆயத்த ஆடை ஆலையில் தைக்கிறாளே, நீகூடப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர் வைத்தாயே, அவள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறுவதில்லை. தெரு விளக்கு, குழாயடி, பிறகு வழக்கம்போல ரயில் பாதை. "சார், அக்கா வந்ததும் மொத வேலையா இதைச் சொல்லிடுங்க. மறந்துடாதீங்க, நீங்க வாத்தியாரு, எல்லாரையும் மன்னிச்சிடுவீங்க" என்கிறாள். நான் நீல நோட்டில் எண் போட்டு எழுதிக்கொள்கிறேன். நாற்பத்தொன்று வரை வந்திருக்கிறது. எல்லாரிடமும், வந்துடுவாங்க, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லி அனுப்புகிறேன்.

மன்றத்துச் செய்தி ஒன்று. முன் அனுமதியில்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போய்விடும் என்ற விதியை நீ கவலையோடு பெரியவளிடம் ஜாடையாகக் கேட்டாயாம். கவலைப்படாதே. உனக்கு மறுபடியும் மூன்று மாத விடுப்பு கொடுத்துவிட்டார்கள், முதல் தடவையைப் போலவே ஒருமனதாக. இரண்டு விடுப்புக் கடிதத்தையும் உன் சார்பில் நானே எழுதினேன். அத்தனை வருடம் மற்றவர்கள் எழுதிய விடுப்புக் கடிதத்தைப் படித்தவனுக்கு ஒன்று எழுத வராதா? தீர்மானத்தைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்! நான்கு வருடமாக நீ எழுந்தால் அவர் உட்காரமாட்டார், அவர் எழுந்தால் நீ உட்காரமாட்டாய். அந்த மனிதர், "அந்தம்மா இல்லாம மன்றம் மன்றமாவே இல்ல. கூட்டம் நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிடுது. வீட்டுக்குப் போனா, என்ன அதுக்குள்ள வந்துட்டீங்கன்னு கேக்கறாங்க" என்றாராம். எல்லாரும் மேசையைத் தட்டினார்களாம். உன் இருக்கையைத் தினமும் துடைத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.

பார்த்தாயா, எல்லாரும் எவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள். நீ நிம்மதியாக நடை பழகு.

பேரனுக்கு முத்தம். உனக்கு என் அன்பும் ஒரு கட்டளையும்: நாளைக்கு அடியை எண்ணு.

உன்,
வாத்தியார்


செவ்வாய்க்கிழமை

என் அன்புள்ளவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை முந்தாநாள்தான் போட்டேன். அதற்குள் இன்னொன்றா என்று யோசிப்பாய். அதை எழுதும்போதே இதையும் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, பூனை மதில் ஏறிய கதையை உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மாதக் கூட்டத்தில் நடைபாலம் வந்தது. நீ நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே பாலம். ரயில் பாதையைத் தாண்ட ஒன்று கட்ட அனுமதி வந்துவிட்டது. ஆலை வாசல் பக்கம் நம் வார்டிலா, சந்தைப் பக்கமா என்று மன்றம் முடிவு செய்ய வேண்டும். நம் பக்கத்துக்கு எட்டுப் பேர், சந்தைப் பக்கத்துக்கு எட்டுப் பேர். பதினேழாவது இருக்கை துடைத்துச் சுத்தமாக இருந்தது. தலைவர் எந்தப் பக்கமும் சாயாமல் ஒத்திவைத்துவிட்டார். இந்த மாதமும் எட்டுக்கு எட்டு. மறுபடி ஒத்திவைப்பு.

நீ போனில் "கூட்டம்?" என்று கேட்டாய். நான், ஒன்றும் முக்கியமில்லை என்று சொன்னேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது.

போன வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். தெரியாமல் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டே பேசினார். முந்தின நாள் புகார்ப் பெட்டி அவர் கடைக்குப் போயிருக்கிறாள். காலை ஷிப்டுக்குத் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டிச் சத்தம் கேட்டு ஓடி, சரளைக்கல்லில் விழுந்திருக்கிறாள். முட்டியில் காயம், மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம், "ஒட்டிக் குடுங்க ஐயா, அக்கா வர்ற வரைக்கும் தாங்கினா போதும்" என்றாளாம்.

"சார், அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடல" என்றார் அவர். "நான் பிரியத்துலதான் விடுப்பு கேட்டேன், சத்தியமா. ஆனா வெளியில வந்ததும் எங்க ஆளுங்க என் முதுகைத் தட்டி, நல்ல வேலை செஞ்சே, ஒரு ஓட்டு குறைஞ்சுதுன்னு சிரிச்சாங்க. நான் அந்தம்மாகிட்ட நேருக்கு நேர் தோத்திருக்கேன் சார், அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. இது என்ன பொழப்பு?" பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். இருக்கை காலியானால் நான்கு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைத்தாக வேண்டும். ஆனால் பதவிக்காலம் முடிய ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் வைக்கமாட்டார்கள், கடைசிவரை காலியாகவே விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வருடக் கணக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதியோடு முடிகிறது.

அவர் போன பிறகு எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை, வருகைப் பதிவேட்டில் இருபத்தேழாம் எண். கேள்வியை நான் முடிக்கும் முன்னால் பதில் சொல்லும். அவள் அப்பாவுக்கு மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெயரை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் கூப்பிடுவேன். வகுப்பே சேர்ந்து "வரல சார்" என்று கத்தும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு என்னவோ அவள் இன்னும் வகுப்பில் இருப்பதுபோல ஒரு நிம்மதி. அந்த நாட்களில் ஒரு லாரி ஓட்டுநர் தன் மகளைச் சேர்க்க வந்திருக்கிறார். தலைமையாசிரியர் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது பேர் இருக்கிறார்கள், இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருடம்தான் அவள் சேர்ந்தாள். நல்ல பிள்ளை. என் பிரியத்தால் அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. இதை இத்தனை வருடத்தில் உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

இப்போது அதே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் இரண்டு விடுப்புக் கடிதம் எழுதினேன். வாசலுக்கு வந்தவர்களையெல்லாம் பொறுங்கள் என்று அனுப்பினேன். நான் முன்னறையைத் திறந்துவைத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால், இடம் காலியாக இருப்பதே ஜனங்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் மன்ற வாசலில் போய்க் கேட்டிருப்பார்கள்.

நீ சீக்கிரம் வந்து அந்த இருக்கையில் உட்காரலாமே என்று ஒரு மனம் சொல்கிறது. போன வாரம் மருத்துவரிடம் நானே போனில் பேசினேன். அவர் சொன்னதைப் பெரியவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை என்றாலும் உன்னைவிட அது யாருக்குத் தெரியும்?

அதனால் கேட்கிறேன். ராஜினாமாக் கடிதத்தில் உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். நான் போட முடியாது. போடவும் மாட்டேன். உனக்கு மனம் இருந்தால் மட்டும் போடு. இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து யோசி.

என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. நடையை நிறுத்தாதே.

உன்,
வாத்தியார்


வெள்ளிக்கிழமை, மதியம்

என் கெட்டிக்காரிக்கு,

உறை இன்று காலை வந்தது. இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

தபால்காரர் எதிரில் பிரிக்கக் கூடாது என்று உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். பேரனின் நாலு கோடு நோட்டிலிருந்து ஒரு தாள். இடது கையால் எழுதியிருக்கிறாய். ஒன்றாம் வகுப்பு வாத்தியாராகச் சொல்கிறேன், எழுத்துகள் கோட்டில் நிற்கவில்லை, பாதி மேலே பறக்கிறது, பாதி கீழே தொங்குகிறது. ஆனால் ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். நான் உன்னைக் கேட்டு எழுதியதற்கு ஏழு வாரம் முந்தின தேதி.

பெரியவள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். "அப்பா, அம்மா இதை எப்பவோ எழுதிட்டாங்க. தினமும் மதியம் தம்பி நோட்டுல பழகி, இருபது நாள் ஆச்சு இதை எழுத. அனுப்புன்னு குடுத்தாங்க. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் அலமாரியில வச்சிட்டேன். உங்க லெட்டரைப் படிச்சதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே..."

அவளைத் திட்டாதே. நான் உன்னிடம் மறைத்தேன், அவள் என்னிடம் மறைத்தாள், மன்றம் ஊரிடம் மறைத்தது. பிரியம் என்றால் இந்தக் குடும்பத்தில் எதையாவது அலமாரியில் வைத்துப் பூட்டுவது என்று ஆகிவிட்டது. நீ ஒருத்திதான் திறந்துவைத்திருக்கிறாய்.

மன்றச் செயலாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பழைய கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகவில்லையே என்று தலையைச் சொறிந்தார். திங்கட்கிழமை வீடியோவில் உன்னைக் கூப்பிட்டு, உன் விருப்பம்தானா என்று கேட்பாராம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதற்கு மேல் சிரமப்படாதே.

உன்,
வாத்தியார்


ஞாயிற்றுக்கிழமை, மாலை

ஏழாம் வார்டின் முன்னாள் உறுப்பினருக்கு,

முன்னாள் என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கியது. எழுதிவிட்டேன்.

தேர்தல் முடிந்தது, புதிய உறுப்பினர் வந்தாயிற்று என்று பெரியவளிடம் போனில் சொன்னேன் அல்லவா? விவரமாக எழுது என்றாயாம், அதுவும் இரண்டு சொல்லில். எழுதுகிறேன்.

முதலில், அன்றைக்கு வீடியோவில் நீ சொன்னதைச் செயலாளர் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "விருப்பம்தானான்னு கேட்டேன். ஆமான்னாங்க. போனை வைக்கப் போனேன். வைக்காதே தேதி சொல்லுன்னாங்க சார்! எனக்கு வேர்த்துடுச்சு." ஒரு சொல் போதும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். நீ நான்கு சொல்லியிருக்கிறாய்.

அப்படியும் தேர்தல் தேதி போடாமல் இழுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்டுக்கு எதற்கு இவ்வளவு சிரமம், பொதுத்தேர்தலோடு பார்த்துக்கொள்ளலாமே என்றார் ஓர் அதிகாரி. நான் முன்னறைக் கதவைப் பூட்டி, வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன்: 'இந்த வார்டுக்கு உறுப்பினர் இல்லை. புகார்களை நேரடியாக மன்ற அலுவலகத்தில் கொடுக்கவும்.' அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் செயலாளர் அறையில் உட்கார இடமில்லை. புகார்ப் பெட்டி தினமும் ஷிப்டு முடிந்து நேராக அங்கே போய், "தேதி போட்டாச்சா?" என்று கேட்பாளாம். இல்லை என்றால், "சரி, நாளைக்கு வர்றேன்" என்பாளாம். ஒரு நாள் அவள் வரவில்லை. அன்றைக்குச் செயலாளரே ஆள் அனுப்பி, உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருக்கிறார். கடைசியில், நான்கு மாதம் முடிய பதினொரு நாள் மிச்சமிருக்கும்படி ஒரு தேதி போட்டார்கள்.

வாக்குச்சாவடி என் பழைய வகுப்பறை. குட்டைப் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் என் பெயருக்கு அடுத்தது உன் பெயர். பட்டியல் பார்த்த பெண் அதில் விரலை வைத்து, "வீட்டம்மா வரலையா சார்?" என்று கேட்டாள். விடுப்பு என்றேன்.

ஆயத்த ஆடை ஆலையிலிருந்து ஷிப்டு ஷிப்டாக வந்து வரிசையில் நின்றார்கள். அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில், அவர்கள் சேர்ந்து நிறுத்திய புகார்ப் பெட்டி ஜெயித்தாள்.

மறுநாள் வந்தாள். உன் நாற்காலியை இழுத்துப்போட்டேன். "ஐயோ, அது அக்காவோடது" என்று கால் ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நீல நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நாற்பத்தேழு புகாரில் பத்தொன்பது அவளுடையதே. ஒட்டுப்போட்ட கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "சார், பாதி நான் சொன்னதாவே இருக்கே. இனிமே நான் யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது?" என்றாள். சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. சமையலறையில் ஏதோ கருகும் வாசனை வந்தது, பார்க்கப் போனேன்.

வியாழக்கிழமை கூட்டம். ஒன்பதுக்கு எட்டு. பாலம் ஆலை வாசலில் வருகிறது. முதல் பேச்சிலேயே, கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தபோது அவள் உட்காரவில்லையாம். அவர் மாலையில் இங்கே வந்து, "தோத்துட்டோம் சார்" என்று சொல்லி, சந்தோஷமாக இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார். அவளுக்குப் புதுக் கண்ணாடி செய்து தருவதாகச் சொன்னாராம். பாலத் தீர்மானம் முடியும்வரை எதுவும் வாங்கமாட்டேன் என்று அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். இனி வாங்கிக்கொள்வாள்.

நீல நோட்டு போய்விட்டது. முன்னறையில் நாற்காலிகளை நகர்த்தி, ஜன்னலோரம் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். கம்பியும் அடித்தாயிற்று, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். நான் நடந்து பார்த்தேன். என் அடிக்குப் பதினாறு. உன் அடிக்கு எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர் இந்த முறையும் தேதி சொல்லவில்லை என்று பெரியவள் சொன்னாள். நீ அவரிடம் கேட்க வேண்டாம். நானும் கேட்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று. மன்றத்தில் செய்யக் கூடாது என்று நான் பக்கம் பக்கமாக எழுதிய அதே காரியத்தை இந்த வீட்டில் செய்யப்போகிறேன். உன் விடுப்பை நீட்டித்துக்கொண்டே இருப்பேன். இங்கே மூன்று கூட்ட விதி கிடையாது, இருபதாம் தேதி கிடையாது, இந்த இடத்துக்காக வாசலில் யாரும் காத்திருக்கவும் இல்லை. பெயரை அடிக்கமாட்டேன். தினமும் காலையில் கூப்பிடுவேன்.

பேரனின் நோட்டில் தாள் மீதி இருக்கும். எழுத்து கோட்டில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இடது கையால் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பிக்கொண்டிரு. என் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்வார்களே, அந்தச் சொல்: உள்ளேன்.

உன்,
வாத்தியார்